ஈரம் காயாத உலை

மலையடிவாரத்து மடத்தில் திருமூர்த்தி சேர்ந்து நான்கு வருடம் முடிந்திருந்தது. அவருக்கு அறுபத்தொரு வயது. மடத்தை நடத்திய ஞானாம்பிகை அம்மைக்கு நாற்பத்தைந்துதான். வயதில் இளையவர் என்றாலும் குரு அவர்தான். அவர் திருமூர்த்தியை "ஐயா" என்பார். திருமூர்த்தி அவரை "அம்மா" என்பார்.

திருமூர்த்தி விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டுவார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார். பாத்திரம் துலக்குவார். அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பின்னால் வந்த இருவர் காவி வாங்கிவிட்டார்கள். அவர் இன்னும் வெள்ளை வேட்டியில் இருந்தார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் கேட்டார்.

"அம்மா, எனக்கு எப்பத் தீட்சை குடுப்பீங்க?"

அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு ஐயா அவசரம்?"

"அவசரம் இல்லீங்கம்மா. தீட்சை வாங்கினா பழைய பேரு போயிரும். அதுக்குத்தான்."

"அந்தப் பேரு என்ன பண்ணுது?"

திருமூர்த்தி கீழே சிந்திய கீரைக்காம்புகளைப் பொறுக்கினார். அம்மைக்கு அது தெரியாததும் அல்ல.

திருமூர்த்தி முப்பது வருடம் ஒரு இரும்பு பவுண்டரியில் வேலை பார்த்தவர். கடைசியில் உலைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், உருக்க வேண்டிய பழைய இரும்பு முற்றத்தில் நனைந்து கிடந்தது. உருகி நிற்கும் இரும்பில் ஈரம் பட்டால் வெடிக்கும். உலையில் நிற்கும் எல்லோருக்கும் அது தெரியும். மாரப்பன் என்ற தொழிலாளி, "ஈரமா இருக்குதுங்க, காயட்டும்" என்றார். திருமூர்த்தி, "போடு" என்றார். மாரப்பன் மறுபடியும் அதையே சொன்னார். "பயமா இருந்தா வீட்டுக்குப் போ" என்றார் திருமூர்த்தி. சொல்லிவிட்டு அவர் நகர்ந்துபோனார். மாரப்பன் போட்டார்.

உலை பொங்கி வெடித்தது. மாரப்பன் அன்றே இறந்தார். சற்றுத் தள்ளி நின்ற அவருடைய அக்கா மகன் பூபதிக்கு இரண்டு கண்ணும் போயின. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே மாமன்தான். உலைச் சத்தத்தில் இவர்கள் பேசியது எதுவும் அவன் காதில் விழுந்திருக்கவில்லை.

விசாரணையில் திருமூர்த்தி எழுதிக் கொடுத்தார். "நான் வேண்டாம் என்று தடுத்தேன். மாரப்பன் கேட்காமல் போட்டுவிட்டார்." கீழே கையெழுத்துப் போட்டார். மறுத்துச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை.

மாரப்பனின் மனைவி மூன்று நாள் பவுண்டரி வாசலில் வந்து நின்றாள். கடைசியாக அவர் பக்கத்தில் நின்றவரை ஒருதடவை பார்க்க வேண்டும் என்றாளாம். மூன்று நாளும் திருமூர்த்தி மதில் ஓரமாகச் சுற்றி, சரக்கு லாரி போகும் வழியில் வீட்டுக்குப் போனார்.

இதையெல்லாம் மடத்துக்கு வந்த இரண்டாம் வருடம் அவர் அம்மையிடம் சொல்லியிருந்தார். அம்மை முழுதும் கேட்டார். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லைத் திருமூர்த்தி மன்னிப்பாக எடுத்துக்கொண்டார்.

இப்போது அம்மை கீரையைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு ஒரு இடம் பாக்கப் போலாம் ஐயா."

"எந்தக் கோயிலுங்கம்மா?"

"கோயில் இல்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இரும்பு உருக்கின இடம். தோண்டிப் பாத்துட்டு இருக்காங்க. நீங்க உலையில நின்னவரு. எனக்கு விளக்கிச் சொல்லுங்க."

திருமூர்த்திக்கு அதில் சந்தோஷம்தான். மடத்தில் அவரிடம் யாரும் எதையும் விளக்கச் சொன்னதில்லை.

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். வானம் மூடியிருந்தது. மழை வரவில்லை. காற்று மட்டும் புழுதியை வாரி அடித்தது. இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை, பூட்டிய உரக்கடை, சாய்ந்து நின்ற ஒரு ஊர்ப்பலகை. பலகையைப் படித்த திருமூர்த்தி அங்கேயே நின்றுவிட்டார்.

"அம்மா, இந்தப் பக்கம் வேண்டாங்க."

"ஏன்?"

"கல்லாங்காட்டுப்புதூர்னு போட்டிருக்குது பாருங்க. அது மாரப்பன் ஊரு."

"உலை இங்கதானே ஐயா இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மை முன்னால் நடந்தார்.

முள்ளுக்காட்டைத் தாண்டியதும் மேடு தெரிந்தது. புல் சரியாக முளைக்காத மேடு. கால் வைத்த இடமெல்லாம் கறுப்புக் கட்டிகள் நொறுங்கின. திருமூர்த்தி குனிந்து ஒன்றை எடுத்தார். கையில் வைத்து எடை பார்த்தார். நான்கு வருடமாக அம்மை கேட்டிராத ஒரு குரல் அவருக்கு வந்தது.

"இது கசடுங்கம்மா. கல்லை உருக்கினா இரும்பு ஒரு பக்கம் சேரும், இது ஒரு பக்கம் வழியும். பவுண்டரில நாங்க ஸ்லாக்னு சொல்லுவோம். இந்த நெளிவு தெரியுதுங்களா? நல்ல சூட்டுல ஓடியிருக்குது. அந்தக் காலத்துலயே கெட்டிக்காரனுங்க."

"உருக்கின இரும்பெல்லாம் எங்க?"

"அது அப்பவே கத்தியாவும் ஏர்க்கொழுவாவும் போயிருக்கும். இத்தனை காலத்துல துருப்பிடிச்சு மண்ணாயிருக்கும்."

"இது?"

"இது அப்படியே கிடக்கும்ங்கம்மா. துருப்பிடிக்காது, மக்காது. ஒண்ணுக்கும் ஆகாதுன்னு கொட்டினதுதான், இருந்தாலும்..."

அவர் நிறுத்திக்கொண்டார். கட்டியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார்.

மேட்டின் மறுபக்கம் சதுரம் சதுரமாகக் குழி தோண்டி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நான்கைந்து பெண்கள் மண் சலித்துக்கொண்டிருந்தார்கள். தோண்டலை நடத்தும் ஆபீசர் வெளியே போயிருந்தார். "செல்லாத்தா, வந்தவங்களுக்குக் காட்டு" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். குழிக்குள் குந்தியிருந்த ஒரு பெண் தலை நிமிர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கையில் ஒரு பெயிண்ட் பிரஷ்.

அந்தப் பெயர் திருமூர்த்திக்குத் தெரியும். விசாரணைக் காகிதத்தில் 'மனைவி' என்று போட்டு அந்தப் பெயர்தான் எழுதியிருந்தது. அவர் அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சாமி. கயிறு தட்டும், பாத்து வாங்க" என்றாள் செல்லாத்தாள். பலமுறை சொல்லிப் பழகிய வார்த்தைகளில் காட்டத் தொடங்கினாள். "இது ஒரு உலைங்க. வட்டமா இருக்குது பாருங்க. இந்தச் சுடுமண் குழாயி வழியாத்தான் துருத்தியில காத்து ஊதினாங்களாமா. அது ரெண்டாவது உலை. ரெண்டும் நல்லா வேலை செஞ்ச உலைங்க."

"அந்தப் பக்கம் உடைஞ்சு கிடக்கறது?" என்று கேட்டார் அம்மை.

"அது மூணாவதுங்க. ஒருவாட்டிகூட இரும்பு எடுக்கலையாமா. மண்ணுல ஈரம் காயறதுக்கு முந்தியே தீ மூட்டிட்டாங்கன்னு ஆபீசர் சொல்றாரு. பக்கச்சுவரு வெடிச்சு அப்படியே உள்ள விழுந்திருக்குது. ஏதோ வெவரம் கெட்டவன் அவசரப்பட்டுட்டான்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவாரு."

பிரஷைச் சட்டைப் பையில் செருகினாள்.

"நான் அப்படிச் சொல்லமாட்டனுங்க. ஒருநாள் அவர்கிட்டயே கேட்டுட்டேன். அவசரப்பட்டான் சரி, அவனை அவசரப்படுத்தினது யாருன்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டாரு."

"எதனால அப்படிக் கேட்டீங்க?" என்றார் அம்மை.

"எங்கூட்டுக்காரரும் உலையில நின்னவருதானுங்க. அவரும் அப்படித்தான் போனாரு. அவரு மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்க. ஒரு திருகாணி கீழ விழுந்தாக்கூட நின்னு தேடி எடுத்து வெச்சுட்டு வர்ற மனுசன். ஈரத்தைப் போடுவாராங்க? செத்தவரு எந்திரிச்சு வந்து சொல்ல முடியாது. பக்கத்துல நின்னவரு சொன்னதுதான் பேச்சுன்னு ஆயிப்போச்சு."

தார்ப்பாய் காற்றில் படபடத்தது. அம்மை நான்கடி தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

திருமூர்த்தியும் செல்லாத்தாளும் மட்டும் குழியோரத்தில் நின்றார்கள்.

"நாந்தானுங்க" என்றார் திருமூர்த்தி.

"என்னங்க?"

"பக்கத்துல நின்னது. திருமூர்த்தி. சூப்பர்வைசரு."

செல்லாத்தாள் அவருடைய தாடியைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள்.

"நாந்தான் போடச் சொன்னேன். அப்புறம் மாத்தி எழுதிக் குடுத்துட்டேன்."

மண் சலிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவரு வேண்டாம்னு சொன்னாரா?"

"சொன்னாருங்க. ரெண்டு தடவை சொன்னாரு."

"என்னன்னு சொன்னாரு?"

"ஈரமா இருக்குதுங்க, காயட்டும்னு."

"அந்தச் சத்தத்துலயா? கத்திச் சொன்னாரா?"

"இல்லீங்க. பக்கத்துல வந்து சொன்னாரு."

செல்லாத்தாள் தலையை ஆட்டினாள். "ஆமா. அவரு கத்தமாட்டாரு" என்றாள். அப்போதுதான் அவள் முகம் கோணியது. சட்டைக் கையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

திருமூர்த்தி அவள் காலில் விழப்போனார். அவள் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தாள்.

"எந்திரிங்க, எந்திரிங்க. குழிச்சுவரு சரிஞ்சிரும். ஆபீசர் வைவாரு."

அவர் முழங்காலில் மண்ணோடு எழுந்து நின்றார்.

"என்னை மன்னிச்சு..."

"அதை இப்பக் கேக்காதீங்க."

"சரிங்க."

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? இப்படித்தான் நடந்திருக்கும்னு பதினோரு வருசமா நான் சொல்லிட்டு இருக்கறேன். எனக்குத் தெரியாததையா சொன்னீங்க? நம்பாதவன் ஒருத்தன் இருக்கறான். அவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"பூபதியா?"

"மாரியம்மன் கோயிலுக்கு எதுத்த சந்துல தகர வீடு."

"நீங்களும் வர்றீங்களாங்க?"

"எனக்கு வேலை கிடக்குதுங்க" என்றாள். குழிக்குள் இறங்கினாள். பிரஷை எடுத்தாள். சற்று நேரம் அதை வெறுமனே கையில் வைத்திருந்தாள். பிறகு உடைந்த உலையின் சுவரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்ட ஆரம்பித்தாள்.

ஊருக்குப் போகும் பாதையில் திருமூர்த்தி முன்னாலும் அம்மை பின்னாலும் நடந்தார்கள். பாதி தூரத்தில் அவர் நின்றார்.

"அந்தம்மா இங்க இருக்கறது தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா ஐயா. போன மாசம் வந்து விசாரிச்சுட்டுப் போனேன்."

"முன்னயே சொல்லியிருக்கலாமேங்கம்மா."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

திருமூர்த்தி மேலே நடந்தார்.

தகர வீட்டின் கதவு திறந்திருந்தது. பூபதி தரையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். பருப்பு ஒரு முறத்தில், தோல் ஒரு சாக்கில். விரல்கள் தடுமாறாமல் வேலை செய்தன. முகத்தின் ஒரு பாதி வழவழவென்று இறுகியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவனுடைய அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். ஞானாம்பிகை அம்மை சந்திலேயே ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். திருமூர்த்தி தனியாக உள்ளே போனார்.

"யாருங்க அது?"

"பூபதி, நான் பவுண்டரி திருமூர்த்தி."

பூபதியின் கை நின்றது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்வைசர் சாரா! வாங்க சார், வாங்க. உக்காருங்க சார். பாயி அந்த மூலையில இருக்கும். அம்மா வேற இல்ல, தண்ணியாச்சும் குடிங்க." அவன் எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். "பவுண்டரில இருந்து ஒருத்தருகூட வந்ததில்ல சார். நீங்களாச்சும் வந்தீங்களே."

திருமூர்த்தி சொம்பை வாங்கினார். குடிக்க முடியவில்லை.

"நீங்க அன்னிக்கு அவ்வளவு தடுத்தீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க சார். எங்க மாமன் உங்க பேச்சைக் கேட்டிருந்தா நான் இப்படிக் குந்தியிருப்பனா? பாவி மனுசன். அவனும் போயி, என்னையும்..."

"பூபதி. அப்படிச் சொல்லாதே."

"அப்படித்தான் சார் சொல்லுவேன். தினமும் சொல்லுவேன்."

"அவரு தடுத்தாரு. நாந்தான் போடச் சொன்னேன்."

பூபதி சிரிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பினான். "என்ன சார் சொல்றீங்க?"

திருமூர்த்தி முழுவதும் சொன்னார். மழை, நனைந்த இரும்பு, மாரப்பன் சொன்ன சொல், தான் சொன்ன சொல், கையெழுத்து. எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது பூபதியின் முகத்தில் எதுவும் இல்லை. அவர் எதிர்பார்த்தது அடி. இல்லையென்றால் வசவு. முறத்தைத் தூக்கி எறிவான் என்றுகூட நினைத்தார்.

பூபதி மெல்லச் சொன்னான்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னைக் கூப்பிட்டு விட்டாங்க சார். நான் கண்ணுக்குக் கட்டுப் போட்டுட்டுக் கிடந்தேன். அவன் செத்தது போதாதுன்னு சொல்லியனுப்பினேன். செல்லாத்தா அத்தை வாசல்ல நின்னு அதைக் கேட்டுச்சு."

திருமூர்த்தி சொம்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"தீபாவளி, பொங்கல்னு நோம்பி நோம்பிக்கு அத்தை முறுக்குச் சுட்டுக் கொண்டாரும். மாமன் பாவத்துக்கு முறுக்கான்னு கேட்டு நாய்க்குப் போடச் சொல்லுவேன். அதுக்குக் காதுல விழற மாதிரித்தான் சொல்லுவேன். அது ஒண்ணும் பேசாது. அடுத்த நோம்பிக்கும் கொண்டாரும்."

அவன் இரண்டு கையையும் முறத்துக்குள் வைத்தான். கடலைப்பருப்பை அள்ளி இறுகப் பிடித்தான்.

"என் கையைப் புடிச்சு வேலைக்குக் கூட்டிட்டுப் போனது மாமன் சார். அவனை இத்தனை வருசம் திட்டித் தீத்தனே, அதையெல்லாம் இப்ப நான் எங்க சார் கொண்டுபோய்ப் போடறது?"

பிறகு அவன் அழுதான். பெரிய ஆண் பிள்ளை, தொண்டை கிழிய, சின்னக் குழந்தைபோல அழுதான். விரலிடுக்கில் இருந்து பருப்பு சிந்தியது. பார்வையில்லாத கண்களில் இருந்து தண்ணீர் வரவில்லை. வரும் வழியும் அன்றே தீய்ந்திருந்தது. சத்தம் மட்டும் வந்தது.

திருமூர்த்தியால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. சொம்பைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அம்மை வேப்பமரத்தடியில் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"சொல்லிட்டேங்கம்மா" என்றார் திருமூர்த்தி. அவருக்கு மூச்சு வாங்கியது. "ஆனா தப்பு பண்ணிட்டேன்னு தோணுது. இத்தனை நாளும் யார் மேலயாவது கோபப்பட்டுட்டாவது இருந்தான். அதையும் புடுங்கிட்டேன். என் பாரத்தை இறக்கறேன்னு அவன் தலையில வெச்சுட்டேன். எனக்கும் இறங்கல. நெஞ்சு இன்னும் கல்லாத்தான் இருக்குது. பேசாம மடத்துலயே கிடந்திருக்கலாம். இனி நான் என்ன பண்றதும்மா?"

வீட்டுக்குள் இருந்து அழுகைச் சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டாள்.

அம்மை திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள ஒருத்தர் அழுதுட்டு இருக்கார் ஐயா. நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?"